முதியவர்களும் நித்திரைக் குளிசைகளும்: கொழும்பிலுள்ள வீட்டாருக்கான முழுமையான வழிகாட்டி

65 வயதைக் கடந்த ஒருவர் இரவில் நித்திரைக் குளிசை எடுத்துவரும் வீட்டிலுள்ளவர்களுக்காகவும், அக்குளிசையை எடுப்பவருக்காகவும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. கொழும்பில் இத்தகைய வீடுகள் அநேகம். அரசாங்க கிளினிக்கில் மாதந்தோறும் தரப்படும் கடதாசி உறையில் ஒரு குளிசை இருக்கும். தனியார் வைத்தியசாலையில் சனல் செய்து பார்த்த விசேட வைத்தியர் எழுதிய துண்டில் இன்னொன்று இருக்கும். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்த பிள்ளை வைத்துவிட்டுப் போன போத்தலில் மூன்றாவது இருக்கும். ஒவ்வொன்றையும் கொடுத்தவருக்கு அதற்கான நியாயம் இருந்திருக்கலாம். மூன்றையும் ஒன்றாகப் பார்த்தவர்தாம் எவரும் இருப்பதில்லை.

வாசிக்கத் தொடங்குமுன் ஒரு எச்சரிக்கை. பல வாரங்களாகவோ ஆண்டுகளாகவோ எடுத்துவரும் நித்திரைக் குளிசையை, இதை வாசித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிட வேண்டாம். திடீரென நிறுத்துவதால் வலிப்பும் கடுமையான மனக்குழப்பமும் ஏற்படலாம். நிறுத்துவதற்கென்று ஒரு முறை உண்டு. அது எட்டாம் படியில் வருகிறது.

இந்த மருந்துகளின் ஆபத்தை வீட்டார் தவறவிடுவதற்குக் காரணம் அலட்சியம் அன்று. குளிசையின் நன்மையை நாம் இரவில் அளக்கிறோம். அதன் தீமையோ பெரும்பாலும் பகலில்தான் வெளிப்படுகிறது. காலையில் தள்ளாட்டம், பெயர்கள் நினைவுக்கு வராமை, மதியச் சாப்பாட்டின்போது கண் செருகுதல், படியில் கால் இடறுதல் ஆகியவற்றை எவரும் முன்னிரவின் குளிசையோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. வயது போனால் இப்படித்தான் என்று விட்டுவிடுகிறோம். ஆகவே கீழேயுள்ள படிகள் எல்லாவற்றிலும், இரவைப் பற்றிக் கேட்கும்போது அடுத்த நாளைப் பற்றியும் கேட்கப்படும்.

முதலாம் படி: மருந்துகள் அனைத்தையும் ஒரே மேசையில் வைத்தல்

வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும், கைப்பையிலும் தலையணைக்கு அடியிலும் இருப்பவை உட்பட, ஒரு மேசைக்குக் கொண்டுவாருங்கள். இருமல் பாணி, தடிமன் குளிசை, ஆயுர்வேத லேகியம், வெளிநாட்டுப் போத்தல் எதையும் விட்டுவிட வேண்டாம். ஒரு கொப்பியில் ஒவ்வொன்றின் பொதுப் பெயர், மில்லிகிராம் அளவு, எடுக்கும் நேரம், எழுதிக் கொடுத்தவர், தொடங்கிய ஆண்டு ஆகியவற்றைக் குறியுங்கள். வர்த்தகப் பெயர் மட்டும் போதாது, ஏனெனில் ஒரே மருந்து இரண்டு பெயர்களில் வந்து இரண்டு தடவை எடுக்கப்படுவது சாதாரணமாக நடக்கிறது. கடதாசி உறையில் எழுத்து அழிந்திருந்தால் ஊகிக்காமல், உறையையும் கிளினிக் கொப்பியையும் மருந்தாளரிடம் காட்டிக் கேளுங்கள்.

தேட வேண்டிய பெயர்கள் இவை: டயசிபாம், குளோனசிபாம், அல்பிரசோலம், லோரசிபாம் (இவற்றைக் கீழே டயசிபாம் இனம் என்கிறோம்), பின்னர் சோல்பிடெம், சோபிகுளோன் (இவை சோல்பிடெம் இனம்), பின்னர் நித்திரைக்கென்றே எழுதப்படாவிட்டாலும் நித்திரைக்காக எடுக்கப்படும் குளோர்பெனிரமின், புரோமெத்தசின், டைபென்ஹைட்ரமின், அமிட்ரிப்டிலின், குவெட்டியாபின். நம் வீடுகளில் ‘பிரிட்டன்’ (Piriton) என்று சொல்லி எடுக்கப்படும் சிறிய குளிசை குளோர்பெனிரமினே. தடிமனுக்கு வாங்கியது நன்றாக நித்திரை தந்தது என்பதால் அதை நாள்தோறும் எடுப்பவர்களை எல்லாரும் அறிவோம். அவர்கள் அதை ஒரு மருந்தாகவே கணக்கில் எடுப்பதில்லை.

இவற்றோடு டிரமடோல், கோடீன் போன்ற ஓபியோயிட் வலிநிவாரணிகளும் பிரிகபாலின், காபாபென்டின் ஆகியனவும் இருந்தால் அவற்றைச் சிவப்பு மையால் குறியுங்கள். தூக்கமூட்டும் மருந்தோடு இவை சேரும்போது சுவாசம் மந்தமடையலாம். ஓபியோயிட் வலிநிவாரணிகளையும் டயசிபாம் இனத்தையும் ஒன்றாக எடுப்பது குறித்து அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016இல் தனது மிகக் கடுமையான எச்சரிக்கையை விடுத்தது. சாராயமும் இந்தப் பட்டியலுக்கு உரியதே. இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒரு சிறு கிளாஸ் எடுக்கும் பழக்கம் இருந்தால், சங்கடமாக இருந்தாலும் அதையும் எழுதுங்கள்.

இரண்டாம் படி: முதிய உடலில் மருந்து தங்கும் காலத்தை அறிதல்

40 வயதில் பொருந்திய அதே குளிசை 75 வயதில் பொருந்தாமல் போவதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. வயது ஏற உடலில் தசை குறைந்து கொழுப்பின் விகிதம் கூடுகிறது. டயசிபாம் போன்ற மருந்துகள் கொழுப்பில் கரைபவையாதலால் அங்கே தேங்குகின்றன. அவற்றை மாற்றி வெளியேற்றும் ஈரலின் வேகம் குறைகிறது. போதாக்குறைக்கு, இரத்தத்தில் அளவு ஒன்றாகவே இருந்தாலும் முதிய மூளை அதற்குக் கூடுதலாக வசப்படுகிறது.

டயசிபாமின் அளவு உடலில் பாதியாகக் குறைய, 20 வயதில் ஏறத்தாழ 20 மணித்தியாலம் எடுக்கிறது. 80 வயதில் அது 80 மணித்தியாலத்தையும் தாண்டக்கூடும் என்பது 1970களிலேயே அளந்து காட்டப்பட்டது. இதன் பொருளைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். திங்கள் இரவு எடுத்த குளிசையில் பாதி வியாழக்கிழமையும் உடலில் இருக்கிறது. அதற்குள் மேலும் இரண்டு மூன்று குளிசைகள் சேர்ந்துவிட்டன. இப்படி ஏறும் அளவு ஒரு நிலைக்கு வர இரண்டு வாரங்களுக்கு மேலாகும். முதல் வாரம் நன்றாக இருந்த தந்தை மூன்றாம் வாரம் குளியலறையில் விழுவதற்கு இதுவே விளக்கம். குளோனசிபாமும் நீண்ட நேரம் தங்குவதே. லோரசிபாம் வேறு வழியில் மாற்றப்படுவதால் வயதோடு இவ்வளவு தேங்குவதில்லை; ஆயினும் விழும் ஆபத்தும் மறதியும் அதற்கும் உண்டு.

வேறு நோய்க்குத் தரப்படும் மருந்தும் இந்தக் கணக்கைக் குழப்பும். கிளாரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியும், பூஞ்சைத் தொற்றுக்கான இட்ராகொனசோலும் அல்பிரசோலம் உடைவதைத் தடுக்கின்றன. நெஞ்சுச் சளிக்குப் புதிதாக மருந்து தொடங்கிய வாரத்தில் முதியவர் வழமைக்கு மாறாக மயங்கிக் கிடந்தால், தொற்று கூடிவிட்டது என்று மட்டும் முடிவுகட்டக் கூடாது.

மூன்றாம் படி: நித்திரை வராததன் காரணத்தைத் தேடுதல்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும், ஏனெனில் காரணம் தெரிந்தால் பல வீடுகளில் குளிசைக்கே வேலை இல்லாமல் போகிறது. இரண்டு வாரங்களுக்கு ஒரு நித்திரைக் குறிப்பேடு வையுங்கள்: படுத்த நேரம், விழித்த தடவைகள், ஒவ்வொரு தடவையும் எழுந்ததற்கான காரணம், இறுதியாக எழுந்த நேரம், பகல் நித்திரை, தேநீர் குடித்த நேரங்கள், குளிசை எடுத்த நேரம், மறுநாள் எப்படி இருந்தார் என்பது. மணிக்கூட்டை இரவில் திரும்பத் திரும்பப் பார்த்து எழுத வேண்டியதில்லை. காலையில் உத்தேசமாக எழுதினால் போதும்.

முதலில் சாதாரணக் கணக்கைப் பாருங்கள். இரவு 8.30க்கு மின்குமிழை அணைத்து அதிகாலை 3.30க்கு விழிப்பவர் 7 மணித்தியாலம் தூங்கிவிட்டார். மதியம் கதிரையில் சாய்ந்து ஒன்றரை மணித்தியாலம் தூங்கியிருந்தால் அதையும் கூட்ட வேண்டும். வயதோடு நித்திரை நேரம் முன்கூட்டியே வருவதும், ஆழ்ந்த நித்திரை குறைவதும், இடையிடையே விழிப்பதும் இயல்பானவை. இவருடைய துன்பம் உண்மையே. ஆனால் அது நித்திரைக் குறைவு அன்று. வீடு உறங்கிக்கொண்டிருக்கும் மூன்று மணித்தியாலம் செய்வதற்கு எதுவுமின்றிக் கிடப்பதே அந்தத் துன்பம். அதற்குக் குளிசை தீர்வாகாது.

அடுத்தது சிறுநீர். இரவில் மூன்று நான்கு தடவை எழுபவருக்கு நீரிழிவு கட்டுப்பாட்டில் இருக்கிறதா, ஆண்களுக்கு புரொஸ்டேட் வீக்கம் உண்டா என்று பார்க்க வேண்டும். சிறுநீரைக் கூட்டும் ஃபுரோசமைட் போன்ற மருந்தை மாலையில் எடுக்கிறாரா என்று பாருங்கள். காலைக்கு அல்லது பிற்பகலின் தொடக்கத்துக்கு மாற்றலாமா என வைத்தியரிடம் கேட்கலாம். இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலில் நீரைத் தேங்கச் செய்யும். பகல் முழுவதும் காலில் நின்ற அந்த நீர், படுத்ததும் இரத்தத்துக்குத் திரும்பி நள்ளிரவில் சிறுநீராக வெளியேறும். இப்படிப்பட்டவருக்கு நித்திரைக் குளிசை கொடுப்பது மிகப் பிழையான தெரிவு, ஏனெனில் எழும் தடவைகள் அவ்வளவாகக் குறைவதில்லை, எழும்போது தள்ளாட்டம் மட்டும் கூடுகிறது.

வேறு மருந்துகளும் நித்திரையைக் கெடுக்கும். எனலப்ரில், கப்டோபிரில் ஆகியவற்றால் வரும் வறட்டு இருமல், மாலையில் எடுக்கும் பிரெட்னிசொலோன், தியோபிலின், புரோபிரனலோல் தரும் கெட்ட கனவுகள் ஆகியவற்றை நினைவில் வைத்திருங்கள். ஒரு மருந்தின் பக்கவிளைவுக்கு இன்னொரு மருந்து எழுதப்படும் சங்கிலி பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

பக்கத்தில் படுப்பவரிடம் குறட்டையைப் பற்றிக் கேளுங்கள். குறட்டை நடுவில் நின்று, சில விநாடிகள் மூச்சற்றிருந்து, பின்னர் திணறி மீண்டும் தொடங்குமானால் அது நித்திரையில் மூச்சுத்தடை நோயாக இருக்கலாம். தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்தும் டயசிபாம் இனம் இவர்களுக்கு ஆபத்தானது. கால்களில் ஊரலும் அமைதியின்மையும் மாலையில் கூடி, நடந்தால் குறைவது இன்னொரு நோய். இதற்கு உடலின் இரும்புச் சேமிப்பைச் சோதிக்க வேண்டும். குளோர்பெனிரமினும் அமிட்ரிப்டிலினும் இதனை மோசமாக்கும் என்பதால், நித்திரைக்கென்று எடுத்த குளிசையே நித்திரையைக் குலைக்கும் விந்தையும் நடக்கிறது.

மனச்சோர்வை விட்டுவிட முடியாது. பிள்ளைகள் எல்லாரும் வெளிநாட்டிலும், வாழ்க்கைத் துணை மறைந்தும், தொடர்மாடியின் நான்கு சுவர்களுக்குள் பகலைக் கழிக்கும் ஒருவர் அதிகாலையில் விழித்துக் கலங்குகிறார் என்றால், அவருக்கு வேண்டியது மனச்சோர்வுக்கான சிகிச்சை. 1983இலும் அதன் பின்னரான போர்க்காலத்திலும் வீட்டையும் உறவையும் இழந்தவர்கள் நம் முதியோரிடையே நிறையப் பேர் உள்ளனர். பழைய காட்சிகள் கனவில் வந்து எழுப்புகின்றன என்று அவர்கள் தாமாகச் சொல்வது அரிது. அத்தகைய மனவடுவுக்கு டயசிபாம் இனத்தைச் சிகிச்சை வழிகாட்டிகள் பரிந்துரைப்பதில்லை. கேட்டால் சொல்வார்கள், ஆறுதலாகக் கேட்க வேண்டும்.

கடைசியாகத் தேநீர். பிற்பகல் 4 மணிக்கு ஒன்று, இரவுச் செய்தி பார்க்கும்போது இன்னொன்று என்ற வழக்கத்தில் இரண்டாவதை நிறுத்திப் பார்க்காமல் எவரும் நித்திரைக் குளிசை கேட்கக் கூடாது என்பது என் கருத்து.

நான்காம் படி: எந்த மருந்தால் என்ன ஆபத்து என்று தெரிந்துகொள்ளுதல்

முதியோருக்குப் பொருந்தாத மருந்துகளைப் பட்டியலிடும் ‘பியர்ஸ் அளவுகோல்’ 1991இல் முதன்முதலாக வெளியானது. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் அதனை 2023இல் புதுப்பித்தது. டயசிபாம் இனம், சோல்பிடெம் இனம், குளோர்பெனிரமின் போன்ற பழைய அலர்ஜி மருந்துகள் ஆகிய மூன்றையும் 65 வயதுக்கு மேற்பட்டோருக்குத் தவிர்க்குமாறு அது கூறுகிறது.

டயசிபாம் இனத்தின் முதன்மை ஆபத்து விழுதலும் இடுப்பெலும்பு முறிதலுமே. முதுமையில் இடுப்பெலும்பு முறிவது எலும்போடு முடிவதில்லை. படுக்கையில் கிடத்தி, நிமோனியாவைக் கொண்டுவந்து, எழுந்து நடந்தவரைப் பிறர் கையை எதிர்பார்ப்பவராக்கிவிடும். அடுத்தது புதிய விடயங்கள் நினைவில் தங்காமை. இந்த மருந்துகள் நிரந்தர மறதிநோயை உண்டாக்குகின்றனவா என்பதில் ஆய்வுகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. ஆனால் மருந்து உடலில் இருக்கும்வரை நினைவாற்றல் மங்குவதில் ஐயமில்லை. மறதிநோய் என்று முடிவெடுக்குமுன் இந்தக் குளிசைகள் கணக்கில் எடுக்கப்பட்டனவா என்று கட்டாயம் கேளுங்கள். மூன்றாவது, சில வாரங்களிலேயே உடல் பழகிக்கொள்ளுதல்: பயன் குறைகிறது, விட முடியாமலும் போகிறது. பிரித்தானியாவில் இவற்றை 2 முதல் 4 வாரங்களுக்குள் மட்டுப்படுத்துமாறு 1988இலேயே அறிவுறுத்தப்பட்டது.

சோல்பிடெமும் சோபிகுளோனும் புதியவை, ஆகவே பாதுகாப்பானவை என்ற நம்பிக்கை பரவலாக உண்டு, அது சரியன்று. நித்திரையிலேயே எழுந்து நடத்தல், சமைத்தல், வாகனம் ஓட்டுதல் ஆகியன நிகழ்ந்து உயிரிழப்புகளும் ஏற்பட்டதால், 2019இல் அமெரிக்காவில் இவ்வின மருந்துகளுக்குக் கடும் எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. பெண்களின் உடலில் சோல்பிடெம் மெதுவாக வெளியேறுகிறது என்பதால் 2013இல் அவர்களுக்கான தொடக்க அளவு 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்கப்பட்டது. முதியோருக்கும் 5 மில்லிகிராமே. வெளிநாட்டிலிருந்து வரும் போத்தலில் 10 என்று இருந்தால் அதை அப்படியே கொடுக்கக் கூடாது.

அலர்ஜி மருந்துகளும் அமிட்ரிப்டிலினும் வாய் உலர்தல், மலச்சிக்கல், சிறுநீர் அடைத்துக்கொள்ளுதல், மனக்குழப்பம் ஆகியவற்றைத் தரும். புரொஸ்டேட் வீங்கியவருக்கு ஒரே இரவில் சிறுநீர் முற்றாக அடைபட்டு, குழாய் போட வேண்டிய நிலை வரலாம். குவெட்டியாபின் உளப்பிணிக்கு உரியது. மறதிநோய் உள்ள முதியோருக்கு இவ்வகை மருந்துகள் இறப்பு அபாயத்தைக் கூட்டுவதாக 2005 முதல் எச்சரிக்கப்பட்டு வருகிறது.

மெலடோனின் ஒப்பீட்டளவில் சாதுவானது. 2 மில்லிகிராம் மெதுவாக வெளிவிடும் குளிசை, 55 வயதுக்கு மேற்பட்டோருக்குக் குறுகிய காலப் பயன்பாட்டுக்கென 2007இல் ஐரோப்பாவில் அனுமதிக்கப்பட்டது. பயன் சிறியது. இணையத்தில் விற்கப்படும் போத்தல்களில் குறிப்பிட்ட அளவும் உள்ளிருக்கும் அளவும் பொருந்துவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இத்தனை ஆபத்துக்கும் ஈடாகக் கிடைப்பது எவ்வளவு? 60 வயதுக்கு மேற்பட்டோர் பங்கெடுத்த 24 ஆய்வுகளைத் தொகுத்து 2005இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான கட்டுரையின்படி, நித்திரைக் குளிசையால் ஓர் இரவில் கூடும் நித்திரை சராசரியாக 25 நிமிடம். ஒருவர் தெளிவான பயன் பெற 13 பேர் மருந்தெடுக்க வேண்டியிருந்தது. 6 பேர் எடுத்தாலே ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தது.

ஐந்தாம் படி: புதிதாகக் குளிசை எழுதப்படும்போது

சில வேளைகளில் குளிசை நியாயமானதே. மரண வீட்டுத் துயரின் முதல் நாட்களில் சில இரவுகளுக்கு வைத்தியர் ஒன்றை எழுதலாம். அப்போது மிகக் குறைந்த அளவு, நிறுத்தும் திகதி, மீண்டும் பார்க்க வரும் நாள் ஆகிய மூன்றும் துண்டிலேயே எழுதப்படும்படி கேளுங்கள். நிறுத்தும் திகதி எழுதப்படாத குளிசை பெரும்பாலும் ஆயுள்வரை தொடர்ந்துவிடுகிறது, ஏனெனில் கிளினிக்கின் நெருக்கடியில் முந்தைய மாத மருந்தை அப்படியே திரும்ப எழுதுவதே எளிது. முன்னர் விழுந்த அனுபவம், குறட்டை, சுவாச நோய், ஈரல் நோய், மதுப்பழக்கம் ஆகியவற்றை அவர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள்.

ஆறாம் படி: குளிசை எடுக்கும் இரவைப் பாதுகாத்தல்

குளிசை நின்றுபோகும்வரை, அது எடுக்கப்படும் ஒவ்வொரு இரவும் ஒழுங்கு செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். சிறுநீர் கழித்து, பல் துலக்கி, கட்டிலில் அமர்ந்த பின்னரே குளிசையை எடுக்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் விழுங்கிவிட்டுத் தொலைக்காட்சி முன் அமர்வது ஆபத்து. நள்ளிரவில் விழித்தால் இரண்டாவது குளிசை கூடவே கூடாது. அட்டையைத் தலைமாட்டில் வைக்காமல், அன்றைய ஒன்றை மட்டும் வெளியே வைத்தால், எடுத்தேனா இல்லையா என்ற குழப்பத்தில் இரண்டு தடவை எடுப்பது தவிரும்.

கட்டிலிலிருந்து மலசலகூடம் வரையான வழியில் சிறு மின்குமிழ் எரியட்டும். மின்வெட்டுக்காகத் தலைமாட்டில் ஒரு டோர்ச் இருக்கட்டும். கால்மிதிகளும் தரையில் ஓடும் வயர்களும் அகற்றப்பட வேண்டும். குளியலறைத் தரை மாலைக்குப் பின் உலர்ந்திருக்க வேண்டும்; பல தொடர்மாடிகளில் குளியலறை வாசலில் உள்ள சிறு படி, பகலில் பொருட்டாகத் தெரியாவிட்டாலும் இரவில் காலைத் தட்டிவிடும். நீளமான சாரம் அணிபவர் அதை உயர்த்திக் கட்டிப் படுக்கலாம். எழும்போது கட்டில் ஓரத்தில் ஓரிரு நிமிடம் அமர்ந்த பின் நிற்பதையும், தேவையெனில் கட்டிலருகே சிறுநீர்ப் போத்தல் வைப்பதையும் கூச்சமின்றிப் பழக்க வேண்டும். சோல்பிடெம் எடுப்பவர் உள்ள வீட்டில் வாசற்கதவின் திறப்பையும் எரிவாயுச் சிலிண்டரையும் கவனியுங்கள். மறுநாள் காலை அவர் தனியே காலி வீதியைக் கடந்து கோவிலுக்கோ சந்தைக்கோ போவதாக இருந்தால், துணைக்கு ஒருவர் செல்வது நல்லது.

ஏழாம் படி: முதியவரோடும் வைத்தியரோடும் பேசுதல்

குளிசையை ஒளித்து வைப்பதும் பறிப்பதும் பலன் தராது. ‘அம்மா, குளிசையை நிறுத்தச் சொல்ல வரவில்லை, நீங்கள் விழுந்துவிடுவீர்களோ என்றுதான் பயப்படுகிறோம், டொக்டரிடம் ஒருக்கால் சேர்ந்து கேட்போம்’ என்ற அளவில் தொடங்குவதே போதும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் நடந்து 2014இல் வெளியான ஆய்வு ஒன்றில், 65 வயதைக் கடந்தவர்களுக்கு இந்த ஆபத்துகளையும் படிப்படியாகக் குறைக்கும் முறையையும் விளக்கும் ஒரு சிறு கைநூல் கொடுக்கப்பட்டது. 6 மாதங்களில் அவர்களுள் 27 வீதத்தினர் குளிசையை முற்றாக விட்டிருந்தனர்; கைநூல் கிடைக்காதவர்களில் விட்டவர்கள் 5 வீதத்தினரே. விளக்கிச் சொன்னால் முதியவர்கள் கேட்கமாட்டார்கள் என்ற எண்ணத்தை இந்த எண்கள் மறுக்கின்றன.

வைத்தியரிடம் செல்லும்போது முதற்படியின் கொப்பியையும் மூன்றாம் படியின் குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள். கேள்விகளைச் சுருக்கமாக வையுங்கள்: இந்தக் குளிசை இன்னும் தேவையா, எந்த நோய்க்காகத் தொடங்கப்பட்டது, குறைப்பதானால் எந்த வேகத்தில், இடையில் சிரமம் வந்தால் யாரைத் தொடர்புகொள்வது? மூன்றாவது கேள்விக்குமுன் இரண்டாவதற்கு விடை கிடைக்க வேண்டும், ஏனெனில் குளோனசிபாம் சிலருக்கு வலிப்புக்காகவும், அமிட்ரிப்டிலின் நரம்பு வலிக்காகவும் தரப்பட்டிருக்கலாம்.

மனநல வைத்தியரிடம் அனுப்பினால் பல குடும்பங்கள் பின்வாங்குகின்றன. மனநல வைத்தியசாலை உள்ள அங்கொடை என்ற ஊர்ப்பெயரே நம்மிடையே வசைச்சொல்லாகப் பழகிவிட்டது. இந்தக் குளிசைகளைக் குறைப்பதில் தேர்ந்தவர்கள் அவர்களே. தேசிய வைத்தியசாலையிலும் களுபோவிலவிலுள்ள கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலையிலும் மனநல கிளினிக்குகள் நடைபெறுகின்றன. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

எட்டாம் படி: படிப்படியாகக் குறைத்தல்

இது வைத்தியரின் மேற்பார்வையில் மட்டுமே செய்ய வேண்டியது. அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் இணைந்து 2025இல் வெளியிட்ட வழிகாட்டி, டயசிபாம் இனத்தைத் தொடக்கத்தில் 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை 5 முதல் 10 வீதம் குறைக்குமாறும், எந்நிலையிலும் இரண்டு வாரங்களுக்கு 25 வீதத்தைத் தாண்ட வேண்டாம் என்றும் கூறுகிறது. எடுத்துக்காட்டாக, பல ஆண்டுகளாக இரவுதோறும் 5 மில்லிகிராம் டயசிபாம் எடுத்தவர், 5 மில்லிகிராம் குளிசையில் பாதியும் ஒரு 2 மில்லிகிராம் குளிசையுமாக முதலில் 4.5க்கு இறங்கி, சில வாரங்கள் அங்கேயே நின்று, பின்னர் முழுக் குளிசைகளாலும் அரைக் குளிசைகளாலும் 4, 3.5 எனத் தொடரலாம். அளவு சிறிதாகச் சிறிதாக ஒவ்வொரு இறக்கமும் விகிதத்தில் பெரிதாகும் என்பதால், கடைசிப் பகுதிக்கே அதிக காலம் தேவைப்படும். சிலருக்கு மூன்று மாதம், சிலருக்கு ஓராண்டுக்கு மேல். அவசரமில்லை.

ஒவ்வொரு இறக்கத்துக்குப் பின்னும் சில இரவுகள் நித்திரை மோசமாகும். பதற்றம், வியர்வை, கைநடுக்கம், எரிச்சல் வரலாம். இதைக் கண்டதும் ‘பார்த்தீர்களா, குளிசை இல்லாமல் முடியாது’ என்று முடிவெடுப்பது பெரும் தவறு. இது பழைய நித்திரையின்மை அன்று, உடல் மருந்தைத் தேடும் அறிகுறி. தாங்க முடியாவிட்டால் அதே அளவில் கூடுதலாகச் சில வாரங்கள் நிற்கலாம். பாதியளவில் நின்றுவிட்டாலும் அது வெற்றியே. ஆபத்தும் அந்தளவுக்குக் குறைந்திருக்கிறது. குறைக்கும் காலத்தில் குளிசை கையிருப்பில் தீர்ந்துபோக விடக் கூடாது. கிளினிக் நாள் போயா விடுமுறையில் வருகிறதா, பாமசியில் இருப்பு உண்டா என்று ஒரு வாரம் முன்னரே பாருங்கள்.

வலிப்பு, இல்லாததைக் காணுதல், ஆளை அடையாளம் தெரியாமை, எழுப்ப முடியாத மயக்கம், மூச்சு மந்தமாதல், தலை அடிபட விழுதல் ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். எடுத்த குளிசைகளின் அட்டைகளையும் உடன் கொண்டுசெல்லுங்கள்.

ஒன்பதாம் படி: குளிசையின் இடத்தில் நித்திரையைப் பழக்குதல்

நாட்பட்ட நித்திரையின்மைக்கு முதற்சிகிச்சை, நித்திரைப் பழக்கத்தையும் அதைப்பற்றிய எண்ணங்களையும் மாற்றும் உளவியல் முறையே என அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இலும் ஐரோப்பிய நித்திரை ஆய்வுச் சங்கம் அதன் பின்னரும் பரிந்துரைத்துள்ளன. அளவைக் குறைக்கத் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்னரே இதை ஆரம்பித்தால் இறங்குவது இலகு.

இதன் அச்சாணி, காலையில் எழும் நேரத்தை வாரத்தின் ஏழு நாட்களும் ஒன்றாக வைப்பது. அடுத்து, கட்டிலில் கிடக்கும் நேரத்தை உண்மையில் தூங்கும் நேரத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவருவது: குறிப்பேட்டின்படி 6 மணித்தியாலம் தூங்குபவர் 9 மணித்தியாலம் கட்டிலில் கிடந்தால், படுக்கும் நேரத்தை 11 மணிக்குத் தள்ளி 5.30க்கு எழச் சொல்லலாம். 5 மணித்தியாலத்துக்குக் கீழே குறைக்கக் கூடாது. அடிக்கடி விழுபவருக்கும் வலிப்பு உள்ளவருக்கும் இதை வைத்தியரைக் கேளாமல் செய்யக் கூடாது. நித்திரை வராமல் நெடுநேரம் புரண்டால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் ஒரு கதிரையில் அமர்ந்து, செபமாலையோ திக்ரோ தேவாரமோ அவரவர் வழக்கப்படி மெல்ல உருவிட்டு, கண் சொக்கியதும் மீண்டும் படுக்கலாம். பகல் நித்திரை பிற்பகல் 3 மணிக்கு முன், அரை மணித்தியாலத்துக்குள்.

வெளிச்சம் குறித்துக் கொழும்பில் நமக்கொரு வசதி உண்டு: ஆண்டு முழுவதும் சூரியன் 6 மணியளவில் உதித்து 6 மணியளவில் மறைகிறது. மாலை 7 மணிக்கே கண் அயர்ந்து 3 மணிக்கு விழிப்பவர், காலி முகத்திடலிலோ மரைன் டிரைவ் ஓரத்திலோ மாலை 5 மணியின் வெயிலில் நடந்தால் உடலின் கடிகாரம் பின்னுக்குத் தள்ளப்படும். இரவில் பிந்தித் தூங்குபவருக்குக் காலை வெயிலே ஏற்றது. கரையோர றெயில் பாதையை ஒட்டிய வீடுகளில் அறையை மறுபக்கம் மாற்றுவது, எந்தக் குளிசையையும்விடப் பயன் தரலாம். நோன்பு மாதத்தில் சஹருக்கு எழும் முதியவர்களுக்கு இந்த நேர அட்டவணையைத் தளர்த்தி, அந்த மாதத்தில் அளவைக் குறைக்காமல் இருப்பது நல்லது. மார்கழிப் பூசைக்கு விடியுமுன் செல்வோருக்கும் அவ்வாறே.

பத்தாம் படி: வைத்தியசாலையில் சேர்க்கப்படும்போது

கண்புரைச் சத்திரசிகிச்சைக்கோ, விழுந்து அடிபட்டதற்கோ, டெங்குக் காய்ச்சலுக்கோ முதியவர் விடுதியில் அனுமதிக்கப்படும்போது, வீட்டில் இரவில் எடுத்த குளிசையைப் பற்றி எவரும் சொல்வதில்லை. பதிவேட்டில் அது இல்லாததால் கொடுக்கப்படுவதும் இல்லை. குறுகிய நேரம் தங்கும் மருந்தாயின் ஓரிரு நாளிலும், டயசிபாம் போன்றதாயின் சில நாட்கள் கழித்தும், அவர் நடுங்கி, ஊசிக்குழாயைப் பிடுங்கி, இல்லாத ஆட்களோடு பேசத் தொடங்குவார். வயதின் குழப்பம் என்றோ நோய் முற்றிவிட்டது என்றோ அது கொள்ளப்படலாம். அனுமதிக்கும்போதே விடுதி வைத்தியரிடமும் தாதியிடமும் மருந்தின் பெயர், அளவு, கடைசியாக எடுத்த இரவு, குறைத்துவரும் அட்டவணை ஆகியவற்றைச் சொல்லி, கட்டில் அட்டையில் எழுதப்பட்டதா என்று பாருங்கள். மயக்கமருந்து வைத்தியருக்கும் இது தனியாகச் சொல்லப்பட வேண்டும்.

வீடு திரும்பும்போது தரப்படும் மருந்துத் துண்டில், விடுதியில் சில இரவுகளுக்கென எழுதிய புதிய நித்திரைக் குளிசை ஒன்று தொடர்ந்து எடுக்கும்படி இருக்கிறதா என்று வாசலைத் தாண்டுமுன் வாசியுங்கள். இருந்தால், எத்தனை நாளுக்கு என்று அங்கேயே கேட்டுக் கொப்பியில் திகதியோடு எழுதுங்கள். வீட்டில் மிஞ்சியிருக்கும் பழைய அட்டைகளை எண்ணி மருந்தாளரிடம் ஒப்படைக்க முடியுமா என்று விசாரியுங்கள். பேரப்பிள்ளைகள் உள்ள வீட்டில் அதுவரை அவை பூட்டிய அலுமாரியில் இருக்க வேண்டும்.